ஏற்காடு "பேய் பங்களா"வுல தங்கப் போறீங்களா? புக்கிங்ல இருந்து கீழ இறங்குற வரைக்கும் முழு வழிகாட்டி

சேலத்துல வளந்த யாரக் கேட்டாலும் ஏற்காட்டுல ஒரு பேய் பங்களா கதை கைவசம் வச்சிருப்பாங்க. ஆளுக்கு ஒரு பங்களாவக் காட்டுவாங்க, ஆனா கதை மட்டும் ஒண்ணுதான்: வெள்ளக்கார தொரசாணி, வெள்ள கவுனு, ராத்திரி வராண்டாவுல நடக்குற சத்தம், திடீர்னு மல்லிப்பூ வாசம். நான் இதுவரைக்கும் நாலு தடவ இந்த மாதிரி பழைய எஸ்டேட் பங்களாவுல தங்கியிருக்கேன், அதுல ஒரே பங்களாவுல மட்டும் மூணு ராத்திரி. அந்த பங்களா பேர சொல்ல மாட்டேன், காரணம் கீழ வரும். என்கிட்ட ஃப்ரெண்ட்ஸ், தம்பிங்கன்னு நெறைய பேர் எப்படி போறது, என்ன கேக்கறது, பயமா இருக்குமான்னு கேட்டுட்டே இருக்காங்க, அதனால தெரிஞ்சத மொத்தமா ஒரே எடத்துல எழுதிடறேன்.

எந்த மாசம் போகணும்

மே மாசம் வேண்டாம். கோடை விழா, மலர் கண்காட்சின்னு கூட்டம் அள்ளும், ரூம் வாடகை ஏறிடும், நடு ராத்திரி வரைக்கும் வண்டி ஹாரன் கேக்கும், பழைய வீட்டோட சத்தம் எதுவும் காதுல விழாது. ஐப்பசி, கார்த்திகை மழையில மலைப்பாதையில மண்ணு சரியும், மரம் விழும், அதனால அப்ப போறதா இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி ரோடு திறந்திருக்கான்னு விசாரிச்சுட்டு போங்க. டிசம்பர், ஜனவரி நல்ல குளிரு, காபி பழம் பறிக்கிற நேரம், எஸ்டேட்டுல ஆள் நடமாட்டம் இருக்கும். என்னக் கேட்டா மார்ச் மாசம்தான். அதுக்கு ஒரு தனி காரணம் இருக்கு, ராத்திரி பத்தி எழுதும்போது சொல்றேன்.

கதைய முதல்ல சரிபாருங்க

போறதுக்கு முன்னாடி அந்த பங்களா உண்மையிலேயே எவ்ளோ பழசுன்னு பாருங்க. ஏற்காட்டுல எல்லாருமே "200 வருஷ பங்களா"ன்னுதான் சொல்லுவாங்க. சேலம் கலெக்டரா 1820ல இருந்து 1829 வரைக்கும் இருந்த காக்பர்ன்தான் இந்த மலையில காபி கொண்டு வந்தவரு, கிரேஞ்ச் எஸ்டேட் அவர் காலத்துது. அதுக்கப்புறம்தான் ஒண்ணு ஒண்ணா தொரைங்க வந்து எஸ்டேட் போட்டாங்க, பங்களா கட்டினாங்க. அப்ப 200 வருஷம்னா கிட்டத்தட்ட அந்த முதல் செட்டுல கட்டினதா இருக்கணும், எல்லா பங்களாவும் அப்படி இருக்க முடியாதுல்ல.

வயசு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ஓட்டு வீடா இருந்தா, எங்கயாவது கழட்டி அடுக்கி வச்சிருக்குற ஓட்ட திருப்பி பாருங்க, அடியில கம்பெனி பேரு அச்சு விழுந்திருக்கும். மங்களூர்ல பாசல் மிஷன்ங்கற கிறிஸ்தவ மிஷனரிங்க ஓட்டு ஃபாக்டரி ஆரம்பிச்சதே 1865லதான். அதனால மங்களூர் ஓடு வேஞ்ச கூரை அதுக்கு முந்தினதா இருக்கவே முடியாது, வீடு பழசா இருந்தாலும் கூரை பின்னாடி மாத்தினதுதான். "1830ல செத்த தொரசாணி இந்த ஓட்டு மேல நடக்குறா"ன்னு யாராவது சொன்னா இது ஞாபகம் இருக்கட்டும். சுவரு பெரும்பாலும் அங்கயே ஒடச்ச கருங்கல்லு. ஏற்காடு இருக்குற சேர்வராயன் மலையில நெறைய இருக்கறது சார்னோகைட்ங்கற பாறை. அந்தப் பேரு வந்ததே ஒரு கல்லறையிலருந்துதான், கல்கத்தாவுல ஜாப் சார்னோக்னு ஒரு வெள்ளக்காரரோட கல்லறைக்கல்லு இந்த ஜாதி பாறை, நம்ம பல்லாவரம் பக்கத்துல இருந்து போனது, அத வச்சுத்தான் பேரு வச்சாங்க. அந்த சுவத்துல கைய வச்சு பாருங்க, பகல் வெயில் முழுக்க குடிச்சு வச்சிருக்கும், சாயங்காலத்துக்கு மேலதான் மெல்ல ஆறும்.

நேரம் இருந்தா ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. பல்லாவரத்துல 1863ல கற்கால கோடாரிய கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசி காலத்துல ஏற்காட்டுலதான் வீடு வாங்கி இருந்தாரு, 1912ல இறந்தவரோட நினைவுச்சின்னம் அங்கதான் இருக்கு. தொரைங்க கதையெல்லாம் வெறும் கட்டுக்கதை இல்ல, பேரு ஊரோட வாழ்ந்த மனுசங்கன்னு அங்க நின்னா புரியும். சத்தம் போடாம, கல்லறை மேல ஏறாம பாருங்க.

போன்ல கேக்க வேண்டியது

ரூம் வாடகைய மட்டும் கேட்டுட்டு ஜிபே பண்ணிடாதீங்க. நான் ஒரு தடவ ஆன்லைன்ல படத்த பாத்து அட்வான்ஸ் போட்டுட்டு மேல போய் பாத்தா அந்த எஸ்டேட்காரங்களுக்கு விஷயமே தெரியாது, படத்த மட்டும் எவனோ எடுத்து போட்டு காசு வாங்கியிருக்கான். அதுல இருந்து பங்களாவுல இருக்குற வாட்ச்மேன் நம்பர கேட்டு அவர்கிட்டயே ஒரு வார்த்த பேசிட்டுத்தான் காசு அனுப்புறேன்.

அவர்கிட்ட கேளுங்க: ராத்திரி அவரு அந்த காம்பவுண்டுக்குள்ளயே இருப்பாரா, கரண்ட் போனா இன்வெர்ட்டரா ஜெனரேட்டரா, எந்த கம்பெனி டவர் எடுக்கும், ரூம்ல கணப்பு (குளிர்காயற அடுப்பு) இருக்கா, புகைக்கூண்ட கடைசியா எப்ப சுத்தம் பண்ணாங்க, ராத்திரி சாப்பாடு செஞ்சு தருவாங்களா. பேய் பத்தி போன்ல கேக்காதீங்க. போன்ல கேட்டா ஒண்ணு "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்"னு வெட்டி விடுவாங்க, இல்லன்னா நீங்க வரணும்ங்கறதுக்காக இல்லாதத சேத்து சொல்லுவாங்க. ரெண்டுமே உங்களுக்கு உபயோகம் இல்ல.

ஆள் இல்லாம பூட்டிக் கெடக்குற பங்களாவுக்குள்ள ரீல்ஸ் எடுக்க செவுரு ஏறி குதிக்கிற பசங்க இருக்காங்க. தயவுசெஞ்சு அத செய்யாதீங்க. அது அடுத்தவங்க எடம், உளுத்த மரத்தளம் கால வச்சா உள்ள போயிடும், கூரையில தேன்கூடு இருக்கும், பாம்பு இருக்கும். காசு குடுத்து முறையா தங்குற வீடு எத்தனையோ இருக்கு.

பையில என்ன

நல்ல டார்ச் ஒண்ணு, செல்போன் லைட்ட நம்பாதீங்க, அது ரொம்ப தூரம் காட்டாது, பேட்டரியும் போயிடும். ஸ்வெட்டர், சாக்ஸ், மூடின ஷூ, பவர் பேங்க், ஆதார் கார்டு, ஒரு சின்ன நோட்டு, பேனா. டிசம்பர்ல ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்கும், சேலத்து வெயில்ல இருந்து டிசர்ட்டோட போனா நடுங்கிப் போயிடுவீங்க. கணப்பு இருக்குற ரூம்னா பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்சைடு (நெருப்பு சரியா எரியலன்னா வர்ற விஷ வாயு) அலாரம் ஆன்லைன்ல கிடைக்குது, அத வாங்கிடுங்க.

மல ஏறுறது

சேலம் புது பஸ் ஸ்டாண்டுல இருந்து பஸ் இருக்கு. சொந்த வண்டின்னா அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், அங்க இருந்து 20 கொண்டை ஊசி வளைவு, மொத்தமே சுமார் 30 கிலோமீட்டர்தான். குப்பனூர் வழியாவும் ஏறலாம், சுத்து. சாயங்காலம் நாலு மணிக்குள்ள பங்களாவுல இருக்குற மாதிரி கிளம்புங்க. இருட்டினதுக்கு அப்புறம் பனிமூட்டத்துல எஸ்டேட் மண் ரோட்ட தேடிட்டு இருந்தீங்கன்னா அதுதான் அன்னிக்கு நடக்குற பெரிய திகில். ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டி வழி விடணும், வளைவுல ஓவர்டேக் கூடாது.

பகல்லயே வீட்ட சுத்தி வாங்க

இத யாரும் செய்றதில்ல, நான் இததான் முக்கியம்னு சொல்லுவேன். வெளிச்சம் இருக்கும்போதே ஒவ்வொரு கதவா திறந்து மூடி பாருங்க, எது கிறீச்சிடுது, எது தானா திறக்குது. பழைய வீட்டுல சட்டம் கோணியிருக்கும், தாழ்ப்பாள் போடலன்னா கதவு தானாவே மெதுவா வரும். மரத்தளத்துல நடந்து பாத்து எந்தப் பலகை முனகுதுன்னு நோட்டுல எழுதுங்க. எந்த ஜன்னல் கண்ணாடி ஆடுது, தண்ணி பைப் எந்த சுவரு வழியா போகுது, மோட்டார் எங்க இருக்கு, வெளிய எந்தக் கிளை கூரைய தொடுது. கூரைக்கு அடியில வெள்ளையா எச்சம், எலி முடியும் எலும்பும் உருண்டையா கெடக்கான்னு பாருங்க, கெடந்தா மேல கூகை ஆந்தை குடியிருக்கு.

ராத்திரி கேக்குற சத்தம்

எட்டு மணிக்கு மேல வெயில்ல காஞ்ச ஓடும் மரமும் குளிர்ல சுருங்க ஆரம்பிக்கும். டக்… டக்… டக்னு சீரா, யாரோ செருப்போட நடக்குற மாதிரியே கேக்கும். பத்து, பதினோரு மணி வரைக்கும் இருந்துட்டு அப்புறம் கொறஞ்சிடும். முதல் தடவ நான் இதுக்கே எந்திரிச்சு உக்காந்துட்டேன்.

பன்னெண்டு மணிக்கு மேல கூரையில தடதடன்னு ஓடுனா அது மரநாய். காபி பழம்னா அதுக்கு உசுரு, எஸ்டேட்ல அது இல்லாம இருக்காது. கூகை கத்துறது பொம்பள அலறுற மாதிரியே இருக்கும், அதுவும் முகம் வெள்ள, வயிறு வெள்ள, றெக்க அடிக்கிற சத்தமே இல்லாம வராண்டாவ தாண்டி பறந்து போச்சுன்னா அர நிமிஷத்துக்கு நெஞ்சு நின்னுதான் அடிக்கும். "வெள்ள கவுனு" கதையில பாதி இந்த பறவையோடதுன்னுதான் நான் நெனைக்கிறேன். சில்வர் ஓக் மரத்துல காத்து அடிச்சா நாலஞ்சு பேரு தணிஞ்ச குரல்ல பேசுற மாதிரி இருக்கும். புகைக்கூண்டு மேல காத்து போகும்போது காலி பாட்டில் வாயில ஊதுற மாதிரி ஊஊன்னு ஒரு சத்தம் உள்ள இறங்கும். ஜன்னலுக்கு வெளிய பெரிய மூச்சு சத்தம் கேட்டா மட்டும் கதவ திறக்கவே திறக்காதீங்க, அது காட்டெருமையா இருக்கலாம், ஏற்காட்டுல சகஜமா எஸ்டேட்டுக்குள்ள வரும்.

அப்புறம் கொலுசு சத்தம். இத கொஞ்சம் விவரமா சொல்றேன். நான் தங்குன ரெண்டாவது ராத்திரி ரெண்டேகால் மணிக்கு ஜல்ஜல்னு கேட்டுச்சு, நிக்குது, மறுபடி கேக்குது, வராண்டா படிக்கட்டு பக்கத்துல. நெஜமாவே கை சில்லிட்டு போச்சு. நோட்டுல நேரத்த எழுதினேன், ஜன்னல் வழியா டார்ச் அடிச்சேன், ஒண்ணும் தெரியல. காலைல வாட்ச்மேன் ஐயாகிட்ட சொன்னேன், அவரு ஒண்ணும் பேசாம கூட்டிட்டு போய் படிக்கட்டு ஓரத்துல மண்ண பறிச்சு போட்டிருக்கறத காட்டினாரு, பக்கத்துல கருப்பும் வெள்ளையுமா ஒரு முள்ளு. முள்ளம்பன்றி. அது வாலுல இருக்குற முள்ளு உள்ள வெத்தா, குழாய் மாதிரி இருக்கும், பயந்தா அத சிலுப்பும், அந்த சத்தம்தான். அந்த முள்ளு இன்னும் என் மேஜையில இருக்கு.

படுத்திருக்கும்போது முழிப்பு வந்தும் கை கால் அசைக்க முடியாம, நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்குற மாதிரி இருந்தா பதறாதீங்க. அதத்தான் நம்ம ஊர்ல அமுக்குவான் பேய்னு சொல்லுவாங்க. மூளை முழிச்சிருக்கும், உடம்பு இன்னும் கனவுத் தூக்கத்துல கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல விட்டுடும். மல்லாந்து படுத்தாலும் தூக்கம் கெட்டாலும் அதிகமா வரும், அதனால ஒருக்களிச்சு படுங்க.

கணப்பு, இதுல விளையாட்டு வேண்டாம்

குளிருதுன்னு பார்பிக்யூ கரிய, கரி அடுப்ப ரூமுக்குள்ள கொண்டு வந்து வச்சு கதவ சாத்தினா ஆளையே கொன்னுடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. புகைக்கூண்டுல பறவை கூடு கட்டி அடைச்சிருந்தாலும் இதே கதிதான். தலைவலி, மயக்கம், நெஞ்சு பாரம், இல்லாத சத்தம் கேக்குறது, இதெல்லாம் அதோட அறிகுறி. அமெரிக்காவுல ஒரு குடும்பம் பழைய பெரிய வீட்டுக்கு குடிபோய் காலடி சத்தம், யாரோ பாத்துட்டே இருக்குற உணர்வு, பிள்ளைங்க வெளிறிப் போறதுன்னு தவிச்சு, கடைசியில பாத்தா சூடு பண்ற உலை கெட்டுப்போய் இந்த வாயு வீட்டுக்குள்ள கசிஞ்சிருக்கு, சரி பண்ணதும் எல்லாம் நின்னுடுச்சு. 1921ல ஒரு கண் மருத்துவ பத்திரிகையில இத பதிவு பண்ணியிருக்காங்க. அதனால பயமா இருக்கு, கூடவே தலையும் வலிக்குதுன்னா ஆராய்ச்சியெல்லாம் அப்புறம், உடனே எல்லாரும் எந்திரிச்சு வராண்டாவுக்கு வாங்க. நெருப்பு எரியும்போது ஒரு ஜன்னல் விரக்கடை திறந்திருக்கட்டும், தூங்கப் போறதுக்கு முன்னாடி அணைச்சிடுங்க.

மல்லிப்பூ வாசம், அத பத்தி யார்கிட்ட எப்படி பேசறது

மார்ச்ல போங்கன்னு சொன்னதுக்கு காரணம் இதுதான். பிப்ரவரியில இருந்து ஏப்ரலுக்குள்ள ஒரு கோடை மழை பெய்யும், பெஞ்சு எட்டு பத்து நாள்ல காபிச்செடி முழுக்க ஒரே நேரத்துல வெள்ளையா பூத்துடும், ரெண்டு மூணு நாள்தான் நிக்கும். அந்த வாசம் அப்படியே மல்லிப்பூ. ராத்திரி காத்து திரும்பும்போது மூடின ரூமுக்குள்ள குபீர்னு வரும், காத்து மாறினா சட்டுனு போயிடும். எனக்கு ராத்திரி ஒரு மணிக்கு வந்துச்சு. காபிப்பூன்னு தெரிஞ்சும் கொஞ்ச நேரம் மூச்ச இழுத்து விடவே தோணல.

காலைல வாட்ச்மேன் ஐயாவோட சம்சாரம், நான் பாட்டின்னுதான் கூப்புடுவேன், வரக்காப்பி கொண்டு வந்தாங்க. ரெண்டு நாளா அவங்க பேத்திக்கு கணக்கு சொல்லிக் குடுத்திட்டு இருந்ததால என்கிட்ட நல்லா பேசினாங்க. "பாட்டி, தொரசாணி கதை நெசமா?"ன்னு கேட்டேன். "ஏஞ்சாமி, தொரசாணி எங்க மல்லிப்பூ வச்சா?"ன்னு கேட்டாங்க. எத்தனையோ தடவ அந்த கதைய கேட்டிருக்கேன், இந்த கேள்வி எனக்கு ஒரு நாளும் தோணுனதில்ல.

அப்புறம்தான் சொன்னாங்க. அவங்க மாமியாரோட அக்கா, அந்த எஸ்டேட் லயன் வீட்டுல (வேல செய்றவங்க இருக்குற வரிசை வீடு) இருந்தவங்க, ஒரு மழக்காலத்துல பிள்ளை வலி எடுத்து, கீழ எறங்க ரோடு இல்லாம அங்கயே போயிட்டாங்களாம். பூவும் பொட்டுமா போனதால வீட்டுல பூவாடைக்காரியா வச்சு கும்புடறாங்க. பங்களாவுக்கு பின்னாடி பலா மரத்தடியில மூணு கல்லு, மஞ்சள் குங்குமம், ஒரு அகல் விளக்கு. சேலம் பக்கம் நெறைய வீட்டுல பூவாடைக்காரிய கும்புடுவாங்க, உங்க வீட்டுலயே இருக்கலாம், சுமங்கலியா போன பொம்பளைய கலசத்துல கூப்புட்டு புடவை வச்சு படைக்கிறது. பூ வாசம் வந்தா அவ வந்திருக்கான்னு அர்த்தம். வெளியில இருந்து வந்தவங்க பூ வாசத்தையும் வெள்ளிக்கிழம வெளக்கையும் பாத்துட்டு அதுக்கு ஒரு கவுன மாட்டி தொரசாணி ஆக்கிட்டாங்க. பாட்டியோட பேத்திய பள்ளிக்கூடத்துல "பேய் பங்களா புள்ள"ன்னு கூப்புடறாங்களாம். அதனாலதான் பேர் சொல்ல மாட்டேன்னு மேல எழுதினேன்.

அதனால பேசுறதுக்கு சில முறை இருக்கு. முதல் நாளே கேக்காதீங்க, சாப்பாடு பரிமாறும்போது, வெறகு போடும்போது கூட நின்னு பழகுங்க. ஐயா, அம்மா, பாட்டின்னு கூப்புடுங்க. "பேய்"ங்கற வார்த்தைய நீங்க எடுக்காதீங்க, "இந்த வீட்டப் பத்தி ஊர்ல என்னென்னமோ சொல்றாங்களே"ன்னு மட்டும் கேட்டுட்டு விட்டுடுங்க. அவங்க பேசும்போது போன்ல ரெக்கார்டு போடாதீங்க. ராத்திரி வராண்டாவுல நின்னு "வா, வந்து காட்டு"ன்னு கத்துறது, சவால் விடறது, ஆவிய கூப்புடறோம்னு ஓயிஜா போர்டு போடறது எதுவும் வேண்டாம், நீங்க கத்துறது அவங்க வீட்டு சாமிய பாத்து. பங்களா வளாகத்துல கல்லு, சூலம், விளக்கு மாடம் எது இருந்தாலும் செருப்ப கழட்டிட்டு தள்ளி நில்லுங்க. அங்க வேல செய்றவங்க நெறைய பேரு மலையாளிங்க, கேரளாக்காரங்க இல்ல, இந்த மலையில வாழுற பழங்குடி. காஞ்சிபுரத்துல இருந்து மூணு அண்ணன் தம்பி வந்து பெரியண்ணன் சேர்வராயன் மலையிலயும் நடுவண்ணன் பச்சமலையிலயும் சின்னண்ணன் கொல்லிமலையிலயும் தங்கிட்டாங்கன்னு அவங்க வழிவழியா சொல்றது. மறுநாள் நேரம் இருந்தா 5326 அடி உச்சியில இருக்குற சேர்வராயன் கோயிலுக்கு போங்க, குனிஞ்சு போற குகைக்குள்ள சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்காங்க.

காலி பண்றது, கீழ எறங்குறது

சரியா தூங்கியிருக்க மாட்டீங்க, அதனால விடிஞ்சதும் கிளம்பாதீங்க, சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கண்ண மூடிட்டு எறங்குங்க. எறங்கும்போது ரெண்டாவது கியர்லயே வாங்க, பிரேக்க புடிச்சுக்கிட்டே வந்தா சூடாகி புடிக்காம போயிடும். ஸ்கூட்டின்னா இன்னும் ஜாக்கிரதை, அதுல கியர் இல்ல, நடுவுல நிறுத்தி பிரேக் ஆறவிட்டு வாங்க. பங்களாவ பத்தி எதாவது எழுதினா எடத்தையும் அங்க இருக்குறவங்க முகத்தையும் போடாதீங்க. வாட்ச்மேனுக்கு குடுக்குறத ஓனர் வழியா இல்லாம கையில குடுங்க.

நான் கிளம்பும்போது பாட்டிக்கு காசு நீட்டினேன், வாங்கல. "அடுத்த வாட்டி வரும்போது கீழ இருந்து கனகாம்பரம் ரெண்டு மொழம் வாங்கியாந்துரு சாமி, இங்க கெடைக்கிறதில்ல"ன்னாங்க. அதனால இப்பல்லாம் மல ஏறுற அன்னிக்கு காலைல முதல்ல வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குத்தான் போறேன். கனகாம்பரத்துக்கு வாசம் இருக்காது, ஆனா சீக்கிரம் வாடாது, ஈரத்துணியில சுத்தி வாழ இலையில மடிச்சு வாங்கிக்கிட்டா மேல போற வரைக்கும் அப்படியே இருக்கும்.